மேல போல்ட்ட முதல்ல கழட்டணும்

நான் பஸ்ல போற ஆளு இல்லீங்க. இந்த ஜன்னல் கம்பி, கண்டக்டர் விசிலு, முட்டி இடிக்கிற சீட்டு, இதெல்லாம் எனக்குப் பழக்கமே கிடையாது. கல்யாணமோ சாவோ, ஆஸ்பத்திரியோ, எங்க போனாலும் என் ஜீப்புதான். இப்ப அது வீட்டு வாசல்ல நிக்கிது. அதான் உங்க பக்கத்துல வந்து உக்காந்திருக்கேன். இடிக்குதா? கொஞ்சம் தள்ளிக்கிறேன்.

ரிப்பேரான்னா, அப்படிச் சொல்ல முடியாது. என் கைக்கு வந்தப்புறம் அந்த வண்டி ஒரு ஒர்க்‌ஷாப் வாசல்லயும் நின்னதில்ல. அடுக்கம்பட்டியில இருந்து உச்சலூத்து ஏத்தம் வரைக்கும் கேட்டுப் பாருங்க, சுருளிவேல் வண்டியா, அது நிக்காதேம்பாங்க. ஏலக்கா மூட்டையும் ஆளுமா மழையில ஏறுற வண்டி. எல்லாவனும் இன்ஜினுக்கு ஆயில் மாத்துவான். கிரவுனுக்கு மாத்துவானா? மாத்த மாட்டான். பின் வீலுக்கு நடுவுல குண்டா ஒரு உருண்டை தொங்குதுல்ல, அதான் கிரவுனு. ஃபோர்வீல் வண்டின்னா முன்னாடியும் ஒண்ணு இருக்கும். நடுவுல டிரான்ஸ்பர் கேஸுன்னு ஒரு பொட்டி, நாலு வீலுக்கும் இழுவையப் பிரிச்சு விடுறது. மூணுக்கும் தனித்தனியா கியர் ஆயில். கண்ணுக்குத் தெரியாத எடம், அதனால எவனும் குனிஞ்சு பாக்குறதில்ல. அது செத்தப்புறம்தான் அடியில ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியும்.

நான் வருசா வருசம் மழைக்கு முன்னாடி மாத்திருவேன். நானேதான் மாத்துவேன். அடுத்தவன் கைய என் வண்டியில வைக்க விட்டதில்ல. அதுல ஒரு முறை இருக்குங்க. ஒரு சுத்து ஓட்டி ஆயிலச் சூடாக்கணும், அப்பத்தான் கசடோட எறங்கும். சமதளத்துல நிறுத்தணும். அப்புறம் முக்கியமானது, மேல போல்ட்ட முதல்ல கழட்டணும். ஆயில் ஊத்துற ஓட்டை மேல இருக்கு, வடியிற ஓட்டை கீழ இருக்கு. கீழ கழட்டி இருக்குறத வடிச்சிட்டீங்க, அப்புறம் மேல போல்ட்டு வரமாட்டேங்குதுன்னு வைங்க, என்ன செய்வீங்க? உள்ள சொட்டு ஆயில் இல்ல, ஊத்தவும் வழியில்ல. வண்டி நின்ன எடத்துல நிக்க வேண்டியதுதான். குடத்தக் கவுத்துட்டுக் கெணத்துக்குக் கயிறு தேடுன கதையாயிரும். இத நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா.

தேவதானப்பட்டிக்குப் போறேன். மக வீடு. என் சம்சாரம் அங்கதான் இருக்கா. கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மக வீட்டுல இருக்கா, அவ்வளவுதான். ரத்தினம்னு கூப்பிடுவேன். நாகரத்தினம்.

கோவப்படணும்னா நான்தான் படணும். நடந்ததச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

அந்த வண்டி அவ அண்ணன்கிட்ட வாங்குனது. முத்தீசு. முத்தீஸ்வரன். உச்சலூத்துல காப்பித் தோட்டம் வச்சிருந்தான். எனக்கு மூத்தவன், மச்சான் முறை. எஸ்டேட்காரங்க வித்த ஜீப்ப வாங்கி, வாங்குன வாரத்துலயே அடியில இருந்து கூரை வரைக்கும் வெள்ளப் பெயிண்ட் அடிச்சு, அழகா வச்சிருந்தான். அவன் வேற வண்டி வாங்குனப்ப, 'மாப்ள, இத நீ ஓட்டு, தங்கச்சி வீட்டுல நின்னா என் வீட்டுல நின்ன மாதிரி'ன்னான். நல்லாத்தானே இருக்கு, கேக்க? நானும் சந்தோசமா ஓட்டிட்டு வந்தேன். சத்தமே இல்லாம ஓடுச்சு. அதுலயே நான் சந்தேகப்பட்டிருக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் என் வழக்கப்படி மூணு ஆயிலையும் மாத்துவோம்னு அடியில படுத்தேன். பின் கிரவுனு போல்ட்டு வரல. மேல கீழ ரெண்டு போல்ட்டு மேலயும் வெள்ளப் பெயிண்டு தோலு மாதிரி மூடியிருக்கு. ஒரு கீறல் கெடையாது. உளிய வச்சு பெயிண்டச் சுரண்டி, மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சு, அப்புறம்தான் கழட்டுனேன். பொறுமை வேணுங்க அதுக்கு. வேற ஒருத்தனா இருந்தா போல்ட்டுத் தலைய ஒடைச்சிருப்பான்.

கழட்டினா ஆயிலா வருது? கூழு மாதிரி வருது. விரலால தொட்டுப் பாத்தேன். மரத்தூளு.

உங்களுக்குத் தெரியாது. பல்லு தேஞ்ச கிரவுனு ஓடும்போது அழும். ஊளையிடுற மாதிரி சத்தம் வரும். விக்கப் போறவன் உள்ள மரத்தூள அள்ளிப் போட்டுருவான். தூளு பல்லுக்கு நடுவுல மெத்தையா உக்காந்து சத்தத்த அமுக்கிரும். வாங்குறவன் ஆஹா என்ன வண்டின்னு எடுத்துட்டுப் போவான். மலையில வண்டி விக்கிறவன் செய்யிற பழைய களவாணித்தனம் அது. அத என் சொந்த மச்சான் எனக்குச் செஞ்சிருக்கான். பொண்ணு குடுத்த வீட்டுக்காரன்.

அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே. வடிச்ச கூழ ஒரு பேசின்ல ஊத்தி, கிரவுனுக்குப் புது ஆயில் விட்டு, அந்த வண்டியிலயே வச்சு உச்சலூத்துக்குக் கொண்டு போனேன். ஞாயித்துக்கிழமை. கூலி வாங்க வந்த சனம் பூராம் டீக்கடை முன்னாடி நிக்கிது. அவனும் பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தான். 'வாங்க மாப்ள'ன்னு எந்திரிச்சான். பேசின அவன் காலடியில வச்சு, ஒரு கை அள்ளி அவன் வெள்ள வேட்டியில தடவுனேன். 'இதான் நீ தங்கச்சிக்குக் குடுத்த சீரா'ன்னு கேட்டேன். அத்தனை பேரும் பாத்தாங்க. பாக்கட்டும்னுதானே போனேன்.

அவன் என்ன சொன்னான்கிறீங்க? 'மாப்ள, நான் அந்த போல்ட்டுல கை வச்சதே இல்ல. எஸ்டேட்காரன் குடுத்தபடி ஓட்டுனேன். ஒனக்கு மனசு ஒப்பலேன்னா வண்டிய விட்டுட்டுப் போ, வேற ஏற்பாடு பண்றேன்' அப்படிங்குறான். சத்தம் போட்டானா, அதுவும் இல்ல. தப்புப் பண்ணுனவன்தான் அவ்வளவு தணிஞ்சு பேசுவான்.

வண்டியத் திருப்பிக் குடுக்க நான் என்ன கிறுக்கனா? தூளக் கழுவி, உள்ள ரெண்டு சாமான் மாத்திப் போட்டேன். அப்புறம் தங்கம் மாதிரி ஓடுச்சு. அது வேற விசயம். ஏமாத்துனது ஏமாத்துனதுதானே.

ரத்தினம் என்ன சொன்னா தெரியுமா? சோறு போட்டுக்கிட்டே, மெதுவாத்தான் சொன்னா. 'பெயிண்டு ஒடையாம இருந்துச்சுன்னு நீங்கதான சொல்றீங்க. வாங்குன வாரமே எங்கண்ணன் அடிச்ச பெயிண்டு அது. பெயிண்டு ஒடையாம தூளு எப்படி உள்ள போகும்? எங்கண்ணனுக்கு வித்தவந்தான் போட்டிருக்கணும். அவரும் ஏமாந்திருக்காரு.' எப்படி இருக்கு பாருங்க. பொம்பளைங்களுக்குப் பொறந்த வீட்டப் பத்திப் பேசுனா மட்டும் மூளை எங்கிருந்துதான் வருமோ. தூளப் போட்டுட்டு மறுபடி பெயிண்ட் அடிச்சிருப்பான்னேன். 'எதுக்கு அடிக்கணும்?'னா. ஏமாத்தத்தான்னேன். சோத்துச் சட்டிய எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அன்னையோட போக்குவரத்து நின்னு போச்சு. இந்த வீட்டுல இருந்து யாரும் அந்த ஏத்தம் ஏறக் கூடாதுன்னுட்டேன். நான் ஏறுவேன், சவாரிக்கு. அவன் வீட்டு வாசல் வழியாத்தான் ரோடு. ஆரன் கூட அடிக்க மாட்டேன்.

மக கல்யாணம் வந்துச்சு. தாய்மாமன் சீரு யாரு கொண்டு வர்றதுன்னு ஊர்ல கேட்டாங்க. அவளுக்கு மாமன் இல்லேன்னு சொன்னேன். அவன் என்ன செஞ்சான் தெரியுமா, பட்டுச் சேலை, பூ, பழம் எல்லாம் தட்டுல வச்சு எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கே வந்துட்டான். உள்ள விடக் கூடாதுன்னு நான் வாசல்ல ஆள் வச்சிருந்தேன். சரின்னு போக வேண்டியதுதானே? போகல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிழற்குடையில தட்ட ஏந்திக்கிட்டே நின்னான், தாலி கட்டி முடியிற வரைக்கும். கெட்டிமேளம் கேட்டதும் தட்டக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிட்டானாம். வந்த சனம் பூராம் அதத்தான் பேசுச்சு. என் மக கல்யாணத்துல என்னைய இதுக்கு மேல எப்படி அசிங்கப்படுத்துறது, சொல்லுங்க. ரத்தினம் மணவறையில நின்னுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. போட்டோ எல்லாத்துலயும் வேற பக்கம் பாத்திருக்கா, ஒரு போட்டோ உருப்படியில்ல.

இது பெரியகுளமா? பரவால்ல, இன்னும் நேரம் இருக்கு.

போன வருசம் இதே மாசம். காலையில போன் வந்துச்சு. முத்தீசு சம்சாரம் பேசுறா. அவனுக்கு ரொம்ப நாளாவே நெஞ்சுல கோளாறு. ஆஸ்பத்திரியில கைய விரிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மூச்சு இழுக்குது, தங்கச்சியப் பாக்கணும்கிறாருன்னு அழுகுறா. ரத்தினம் போன வச்சிட்டு என்னையப் பாத்தா. எத்தனையோ வருசத்துல அவ எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்லீங்க. நகை கேட்டதில்ல, நட்டு கேட்டதில்ல. 'ஏங்க, ஒரு தடவை கொண்டு போயி விட்டுருங்க. நீங்க எறங்கக் கூட வேணாம். வாசல்ல விட்டுட்டு வந்துருங்க'ன்னா.

நான் மாட்டேன்னு சொல்லல. இத எல்லாரும் தப்பாப் பேசுறாங்க. ஊர்ல கேட்டா சுருளிவேல் அனுப்ப மாட்டேன்னுட்டான்னு சொல்லுவாங்க. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லல. போவோம்னுதான் சொன்னேன். ஆனா மழைக்காலம் தொடங்கிருச்சு, ஆயில் மாத்த வேண்டிய நேரம் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. அந்த ஏத்தத்துக்குப் பழைய ஆயிலோட போகக் கூடாது. மாத்திட்டுக் கெளம்புவோம்னேன். இது நியாயந்தானே? நடுவழியில நின்னா என்ன பண்றது?

ஆயிலச் சூடாக்கணும்ல, அதுக்கு ஒரு சுத்து போகணும்ல. வண்டிய ஸ்டார்ட் பண்ணுனேன். சத்தத்தக் கேட்டு அவ பைய எடுத்துக்கிட்டு வந்து ஏறி உக்காந்துட்டா. கெளம்பிட்டோம்னு நெனைச்சிட்டா பாவம். வெளுத்த சேலையா இருந்தாலும் துவைச்சதக் கட்டியிருந்தா. அண்ணனுக்குப் பிடிக்கும்னு பணியாரம் சுட்டு ஒரு தூக்குல எடுத்திருந்தா. போன் வந்ததுக்கும் கெளம்புனதுக்கும் நடுவுல எப்பச் சுட்டான்னு எனக்குத் தெரியல. மலையடி செக்போஸ்ட் வரைக்கும் போனேன். அங்க வண்டியத் திருப்புனேன். 'ஏங்க திருப்புறீங்க?'ன்னா. ஆயில் சூடாயிருச்சு, போதும்னேன்.

திரும்பி வர்ற வரைக்கும் பை அவ மடியில இருந்துச்சு, பணியாரத் தூக்க ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தா.

வாசல்ல நிறுத்திட்டு அடியில படுத்தேன். இங்கதாங்க எனக்கே வெளங்கல. ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க. என் வாழ்க்கையில நான் கீழ போல்ட்ட முதல்ல கழட்டுனதில்ல. ஊருக்கே சொன்னவன். அன்னைக்கு என் கை நேரா கீழ போச்சு. கழட்டிட்டேன். ஆயிலு கருப்பா, சூடா, வாளியில எறங்குது. அப்புறம்தான் மேல போல்ட்டுக்குப் போறேன், வரல. வருசா வருசம் நான் கழட்டி மாட்டுற போல்ட்டு, அன்னைக்குன்னு இறுகிக் கெடக்கு. ஸ்பேனர மாட்டி ஒரே அழுத்தா அழுத்துனேன். வழுக்கிப் போயி போல்ட்டுத் தலை உருண்டையா மழுங்கிப் போச்சு. பாத்தா, நான் மாட்டுனது ஒரு நம்பர் பெரிய ஸ்பேனர். சரியானது பக்கத்துலயே சாக்கு மேல கெடக்கு. கண்ணு தெரியாதவனா நான்? அவசரத்துல அப்படி ஆகும். அவசரப்படுத்துனது யாரு? அவங்கதானே.

ரத்தினம் வாளி பக்கத்துல வந்து நின்னா. எனக்கு அவ காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. 'வேற ஜீப்பு ஒண்ணு சொல்லி விடுங்க'ன்னா. என் வண்டி வாசல்ல நிக்கையில என் பொண்டாட்டி அடுத்தவன் வண்டியில போறதா? ஊரு என்ன பேசும்? கொஞ்சம் பொறு, முழுசா வடியட்டும்னேன். பாதியில மூட முடியாதுங்க, கசடு தங்கிரும்.

கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பிப் பாக்குறேன், கால் இல்ல. குதிரைப் பாதை வழியா நடக்க ஆரம்பிச்சிட்டா. காப்பி மூட்டை ஏத்துற கோவேறு கழுதைங்க போற பாதை அது. செங்குத்து. மழை வேற தூறிக்கிட்டிருந்துச்சு. அவளுக்கு முட்டி வலி உண்டு.

அவ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் போயிட்டான்.

அவன் சம்சாரம் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அழுதுச்சாம். மலையில எந்த வண்டி ஏறுனாலும், 'இது என் பழைய வண்டிச் சத்தமா பாரு'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தானாம். அவன் ஓட்டுன வண்டிதானே, சத்தம் தெரியும். இல்லேன்னு சொன்னா கண்ண மூடிக்குவானாம். அப்புறம் அடுத்த வண்டி. இதக் கேட்டப்ப எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நானும் மனுசன்தானே. எனக்கும் நெஞ்சு இருக்குல்ல.

மறுநாள் நான் போனேன். போகாம இருப்பேனா? என்ன இருந்தாலும் மச்சான். என் வண்டி நிக்கிதே, அதனால ரேசன் அரிசி ஏத்திக்கிட்டுப் போன ஜீப்புல தொத்திக்கிட்டுப் போனேன். நாற்காலியில அவனச் சாத்தி வச்சு, நாடி கட்டி, மாலை போட்டிருந்தாங்க. இளைச்சுச் சின்னப்பய மாதிரி இருந்தான். காலு மாட்டுல அந்தத் தூக்கு இருந்துச்சு. ரத்தினம் தலைய விரிச்சுப் போட்டு பொம்பளைங்க நடுவுல உக்காந்திருந்தா. காலெல்லாம் அட்டை கடிச்ச ரத்தம் காஞ்சு போயிருந்துச்சு. நான் வாசல்ல நிக்கிறதப் பாத்ததும் ஒப்பாரி அப்படியே அடங்கிருச்சு. அவ தலைய நிமித்தி என்னையப் பாத்தா. பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா.

'ஆயிலு முழுசா வடிஞ்சிருச்சா?'

பாருங்க, அந்தத் துக்கத்துலயும் வண்டிய நெனைச்சிருக்கா. அவ்வளவு அக்கறை அவளுக்கு. என்னோட இத்தனை வருசம் வாழ்ந்தவல்ல. வடிஞ்சிருச்சு ரத்தினம்னு சொன்னேன். நான் அப்படிச் சொன்னதும் அங்க ஒரு பொம்பளை ஏன் முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு அழுதான்னு தெரியல. அந்த ஊருச் சனம் அப்படித்தான், எதுக்கு அழுகுறதுன்னு கெடையாது.

அதுக்கப்புறம் ரத்தினம் எங்கூடப் பேசல. கருமாதி முடிஞ்சு வீட்டுக்கு வருவான்னு பாத்தேன். மக வந்து நேரா அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அம்மா கொஞ்ச நாள் இருக்கட்டும்ப்பான்னா. யாரு வண்டியிலயாவது தொத்திக்கிட்டு நான் போனா சோறு போடுறா, தண்ணி குடுக்குறா. குறை சொல்லக் கூடாது, வெந்நி வச்சுக் குடுக்குறா. கண்ணு மட்டும் என் மேல நிக்காது, எனக்குப் பின்னாடி யாரோ வர்ற மாதிரி வாசலையே பாக்கும்.

வண்டியா? அப்படியேதான் நிக்கிது. ஒர்க்‌ஷாப்ல இருந்து ஒருத்தரு வந்தாரு. மழுங்குன தலை மேல ஒரு நட்ட வெல்டு வச்சா டீ குடிக்கிற நேரத்துல கழட்டிரலாம்னாரு. எனக்குத் தெரியாதா அது? நானே பத்து வண்டிக்குச் செஞ்சிருக்கேன். வேணாம்னு அனுப்பிட்டேன். சில நாளு சாயங்காலம் அடியில போய்ப் படுப்பேன். சாக்கு விரிச்சுப் படுத்து அந்த போல்ட்டப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். வீட்டுக்குள்ள படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. ரெண்டு ரூமுதான், ஆனா ரொம்பப் பெருசா இருக்குங்க அது. ரசம் வைக்கத் தெரியல எனக்கு. அவ எதுல எத வச்சிருக்கான்னு தெரியல. அழுதுருக்கேன், சொல்றதுக்கென்ன.

நாளைக்கு அவனுக்கு வருசத் திதி. மக போன் போட்டு, 'அம்மா உச்சலூத்துக்குப் போறாங்க, நீங்க வர வேணாம்ப்பா'ன்னா. அப்பத்தான் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு. போதும், இந்தப் பகைய இன்னைக்கோட முடிச்சிருவோம்னு கெளம்பிட்டேன். ஒருத்தராவது எறங்கி வரணும்ல. ஆம்பளை நான்தான் எறங்கி வரணும். சவரம் பண்ணி, புதுச் சட்டை போட்டிருக்கேன், பாத்தீங்கல்ல. மல்லியப்பூ வாங்கியிருக்கேன், அவளுக்குப் பிடிக்கும்.

என்ன சொல்லணும்னும் முடிவு பண்ணிட்டேன். வாரக்கணக்கா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்தது. சுத்தி வளைச்சுப் பேசப் போறதில்ல. போனதும் அவ எதுக்க நின்னு சொல்லிரப் போறேன். 'ரத்தினம், போனது போகட்டும். உங்கண்ணன் எனக்குச் செஞ்ச துரோகத்த நான் மன்னிச்சிட்டேன். வா, வீட்டுக்குப் போவோம்.'

இதவிட ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்? இதக் கேட்டா அவ மனசு கரைஞ்சிரும். கரையாதா? நீங்க என்ன நெனைக்கிறீங்க?

ஏங்க, ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டீங்க?

சரி, இந்தா விசில் அடிச்சிட்டாரு. கொஞ்சம் காலை மடக்குங்க, நான் எறங்கணும்.